சுகிர்தம் அக்காவின் கேள்வி நோட்டு

1

நான் ஓய்வு பெற்று இந்த மாதத்தோடு ஏழு ஆண்டுகள் ஆகின்றன. இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில், கப்பல்கள் வருவது குறைந்துபோன ஒரு துறைமுக நகரத்தில் இருக்கிறேன். இங்குள்ள பல்கலைக்கழக நூலகத்தில் இருபத்தாறு ஆண்டுகள் துறை நூலகராக வேலை பார்த்தேன். என் சொந்த மாமா சாத்தான்குளத்தில் ஒரு கல்யாணப் பந்தியில், "டாக்டர் பட்டம் வாங்கிட்டு வெள்ளக்காரன் அலமாரியத் தொடச்சிட்டு இருக்கான்" என்று என்னைப் பக்கத்து இலைக்காரருக்கு அறிமுகம் செய்துவைத்தார். நான் சிரித்துக்கொண்டு சாம்பார் கேட்டேன்.

துறை நூலகர் அலமாரி துடைப்பதில்லை. ஒவ்வொரு பாடத்துறைக்கும் ஒருவர் உண்டு. என்னுடையது உயிரியலும் கடலியலும். முதலாண்டு மாணவர்களுக்கு எதை எங்கே தேடுவது என்று வகுப்பெடுக்க வேண்டும். ஆய்வு மாணவர்களுடன் தனித்தனியாக உட்கார்ந்து, அவர்கள் கேட்க நினைப்பது உண்மையில் என்ன கேள்வி என்று கண்டுபிடிக்க வேண்டும். பாதிப் பேருக்கு அது தெரியாது. ஆசிரியர்கள் பருவம் தொடங்க மூன்று நாள் இருக்கும்போது பாடநூல் பட்டியலை அனுப்புவார்கள். அதில் இரண்டு புத்தகம் அச்சிலேயே இருக்காது. பெரிய பேராசிரியர் ஒருவர் என் அறைக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு, புதிய தரவுத்தளத்தில் எப்படித் தேடுவது என்று தாழ்ந்த குரலில் கேட்டார். இதை யாரிடமும் சொல்லவேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். நான் சொல்லவில்லை. ரகசியம் காப்பது எனக்குக் கைவந்த கலை.

என் இடத்தில் இப்போது ஹெலன் என்ற பெண் இருக்கிறாள். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அவளிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. "உங்கள் ஆய்வேட்டைப் பற்றி உங்கள் ஊரிலிருந்தே ஒரு கேள்வி. உங்கள் விதிப்படி நாளைக்குள் பதில் சொல்லவேண்டும்" என்று விளையாட்டாக எழுதியிருந்தாள். எந்தக் கேள்வியும் ஒரு வேலை நாளுக்கு மேல் பதிலில்லாமல் கிடக்கக் கூடாது. பதில் தெரியாவிட்டால் தெரியவில்லை என்றாவது எழுதவேண்டும். அந்த நூலகத்தில் நான் கொண்டுவந்த விதி அது.

கேள்வி கேட்டிருந்தவள் பெனிட்டா. தூத்துக்குடியில் கடல்வாழ் உயிரியல் ஆய்வு செய்கிறாள். கீழவைப்பார் என்ற கடற்கரை ஊர்க்காரி.

"ஐயா, உங்கள் ஆய்வேட்டின் பின்னிணைப்பில் முப்பத்தொரு முத்துப்பார்களின் பட்டியல் இருக்கிறது. கடலடியில் ஒவ்வொரு பாறைத் திட்டும் கிடக்கும் இடத்தைக் கரையில் தெரியும் அடையாளங்களை வைத்துச் சொல்லியிருக்கிறீர்கள். அப்பாவின் படகில் போய்த் தேடினோம். ஒன்றும் கிடைக்கவில்லை. அப்பாவுக்கு ஏற்கெனவே தெரிந்த நான்கு பார்களை வைத்துச் சரிபார்த்தோம். நான்கிலும் வடக்கு என்று நீங்கள் எழுதியிருப்பது தெற்காக இருக்கிறது. அப்பா சிரித்துவிட்டு, 'இதச் சொன்னவன் கடல்ல நின்னு சொல்லிருக்கான். எழுதுனவன் கரையில நின்னு எழுதிருக்கான்' என்றார். இதை நீங்கள் நேரில் பார்த்து எழுதினீர்களா? யாரிடமிருந்தாவது வாங்கினீர்களா?"

ஒரு நாளில் பதில் சொல்லும் விதியை உண்டாக்கிய நான் அதற்குப் பதில் எழுதப் பதினோரு நாள் எடுத்துக்கொண்டேன்.

2

தூத்துக்குடியில் ஒரு கல்லூரியில் நான் விலங்கியல் விரிவுரையாளனாக இருந்தேன். நூலகம் மாடியில். இரும்பு அலமாரிகள், ஒவ்வொன்றுக்கும் பூட்டு. மாணவர்கள் உள்ளே வரக் கூடாது. கம்பி போட்ட ஜன்னலில் நின்று புத்தகத்தின் பெயரைச் சொல்லவேண்டும். ஜன்னலுக்கு உள்ளே நூலகர் சுகிர்தம் அக்கா. எங்கள் சாத்தான்குளத்துக்குப் பக்கத்து நாசரேத்துக்காரர், என்னைவிட நாலு வயது மூத்தவர். ஆசிரியர் அறையில் அவருக்கு 'சாவிக்கொத்து' என்று பெயர். வைத்தவன் நான்.

அவர் புத்தகம் எடுத்துக் கொடுத்ததோடு நிறுத்தவில்லை. நீளமான கணக்கு நோட்டில் ஐந்து கட்டம் போட்டிருந்தார். கேள்வி, கேட்டவர், யாரிடம் விசாரித்தது, பதில், பதில் சொன்னவர் கையெழுத்து. ஜன்னலில் யார் என்ன கேட்டாலும் அதில் எழுதுவார். புத்தகத்தில் பதில் இருந்தால் பக்கத்தில் சீட்டு வைத்து, கேட்டவரின் வகுப்புக்கே அனுப்புவார். நான் எந்த வாரம் எந்தப் பாடம் நடத்துவேன் என்பது அவருக்குத் தெரியும். அதற்கு முந்தின வாரம் அதற்கான புத்தகம் என் மேசையில் இருக்கும். என் பாடத்திட்டம் அவருக்கு எப்படித் தெரிந்தது என்று நான் யோசித்ததே இல்லை. தண்ணீர்ப் பானை நிரம்பியிருப்பதைப்போல அதுவும் என்று இருந்தேன்.

புத்தகத்தில் பதில் இல்லாத கேள்விகளை அவர் விடமாட்டார். ஒரு மாணவி, முத்துச்சிப்பி கிடக்கும் பார்களைக் கருவியில்லாமல் கடலில் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று கேட்டிருக்கிறாள். எங்கள் நூலகத்தில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. அதற்காக அக்கா இரண்டு வருடம் சனிக்கிழமைகளில் வேம்பார் பஸ்ஸில் ஏறி, கீழவைப்பாரில் இறங்கி, சங்கு குளிக்கும் பெரியவர் ஒருவரின் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதினார்.

ஒரு சனிக்கிழமை நானும் கூடப் போனேன். பெரியவர் வலை நாரைப் பல்லால் கடித்துக்கொண்டே சொன்னார்.

"மாதா கோயில் கோபுரம், அந்த ரெட்டைப் பனைக்கு எடக்கைப் பக்கமா ஒரு முழம் தள்ளித் தெரியணும். அங்கன நங்கூரக் கல்லப் போடு. கீழ பார் கெடக்கும்."

அக்கா எழுதினார். பெரியவர் என்னைப் பார்த்தார்.

"சார்வாளு கடலுக்குள்ள போயிருக்கியளா?"

"இல்ல அண்ணாச்சி. கடல்ல இருக்கிற எல்லாத்தையும் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துதேன்."

"நல்லாப் போச்சு" என்றார் பெரியவர். "எங்க வீட்டுக் கோழி கூடத்தான் மீனப் பத்திப் பேசும்."

சுகிர்தம் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு நோட்டை நீட்டினார். பெரியவர் பெருவிரலை மையில் தொட்டுக் கடைசிக் கட்டத்தில் வைத்தார். ஒவ்வொரு பாருக்கும் எதிரே ஒரு ரேகை.

"எதுக்குக்கா ரேகை? இதென்ன பத்திரப் பதிவா?" என்று பஸ்ஸில் கேட்டேன்.

"பதில் அவருது தம்பி. நான் எழுதுனேன், அவ்வளவுதான்."

தனியாக இருக்கும்போது என்னைத் தம்பி என்பார். பிறர் முன்னால் சார்.

3

நூலகர் பதவியை ஆசிரியர் நிலைக்கு உயர்த்தப்போவதாகவும், அதற்குச் சொந்தமாக ஏதாவது எழுதியிருக்க வேண்டும் என்றும் நிர்வாகம் சொன்னது. அக்கா அந்த முப்பத்தொரு பார்களையும் ஒழுங்குபடுத்தி, குறிப்புகளோடு பட்டியலாக எழுதினார். ஆங்கிலத்தில் திருத்தித் தரும்படி என்னிடம் கொடுத்தார். அப்போது நான் இங்கே ஆய்வு உதவித்தொகைக்கு விண்ணப்பித்துக்கொண்டிருந்தேன். விண்ணப்பத்தோடு ஒரு மாதிரிக் கட்டுரை கேட்டிருந்தார்கள். என்னிடம் ஒன்றும் இல்லை.

திருத்தினேன், தட்டச்சு செய்தேன், மேலே என் பெயரைப் போட்டேன். இரண்டு பெயரும் போடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். அப்படி நான் நினைக்கவே இல்லை. நூலகர் ஒருவருடைய பெயரைச் சேர்த்தால் என் கட்டுரையின் எடை குறையும் என்று நினைத்தேன்.

உதவித்தொகை கிடைத்தது. நான் வந்து சேர்ந்த முதல் ஆண்டே இங்குள்ள துறை அதைச் சிறு வெளியீடாக அச்சிட்டது. பளபளப்பான அட்டை. அந்தப் பெருமை தாங்காமல் என் பழைய கல்லூரி முதல்வருக்கு இரண்டு பிரதிகள் அனுப்பினேன். சுகிர்தம் அக்காவும் அதே பட்டியலைத் தேர்வுக் குழுவிடம் கொடுத்திருப்பார் என்பது தபாலில் போட்ட பிறகுதான் உறைத்தது.

முதல்வரிடமிருந்து பதிவுத் தபால் வந்தது. நான்கே வரி. "இந்தப் பட்டியல் நூலகரால் தயாரிக்கப்பட்டது என்று அவர் கூறுகிறார். அவர் உங்களிடமிருந்து நகலெடுத்ததாகக் குழு கருதுகிறது. உண்மை எது எனத் தெரிவிக்கவும். உங்கள் பதிலுக்காகக் குழு காத்திருக்கிறது."

அப்போது என் மகள் ஷீலாவுக்கு மூன்று மாதம். விசா புதுப்பிப்பு வரிசையில் இருந்தது. உண்மையைச் சொன்னால் உதவித்தொகை போகும், மூவரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சாத்தான்குளம் திரும்ப வேண்டும். கடிதத்தைச் சமையலறை இழுப்பறையில், குழந்தையின் தடுப்பூசி அட்டைக்கு அடியில் வைத்தேன். நாளைக்கு எழுதலாம் என்றேன். என் மனைவி ஒருமுறை, "அந்த லெட்டருக்கு எழுதினீங்களா?" என்று கேட்டாள். எழுதிவிட்டேன் என்றேன். அவள் போய்ச் சேர்ந்து நாலு வருடமாகிறது. அவளுக்குக் கடைசிவரை அதுதான் தெரியும்.

4

ஆய்வு முடிந்தது. அந்தப் பட்டியலையே ஆய்வேட்டின் பின்னிணைப்பாகவும் வைத்தேன். பேராசிரியர் வேலை கிடைக்கவில்லை. நூலகத்தில் உதவியாளர் வேலை கிடைத்தது. உள்ளே போனதும் எனக்கு வேலை தெரிந்திருந்தது. யாரும் கற்றுத்தரவில்லை. கம்பி ஜன்னலுக்குள்ளே அக்கா செய்ததை இங்கே கம்பி இல்லாமல் செய்தேன். கேள்விகளைப் பதிவேட்டில் எழுதும் முறையைத் தொடங்கினேன். ஆசிரியர் பாடம் நடத்தும் முன்பே புத்தகத்தை எடுத்துவைத்தேன். பிறகு பதிவேடு கணினிக்கு மாறியது. மற்றத் துறை நூலகர்களும் அதைப் பின்பற்றினார்கள். என் 'புதுமையான சேவை முறை'க்காக ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். வரவேற்பறையில் அது இன்னும் தொங்குகிறது. ஆக, அக்காவிடமிருந்து இரண்டாவது முறையும் எடுத்தேன்.

என் பதிவேட்டில் கையெழுத்துக் கட்டம் மட்டும் இல்லை. அதை நான் விட்டுவிட்டேன்.

ஒவ்வோர் ஆண்டும் முதலாண்டு மாணவர்களுக்கு நான் எடுத்த முதல் வகுப்பு என்ன தெரியுமா? பிறர் எழுதியதை எடுத்தாள்வதும் அவர் பெயரைச் சொல்வதும். "எடுப்பது குற்றமில்லை, எங்கிருந்து எடுத்தாய் என்று சொல்லாமல் இருப்பதுதான் குற்றம்." இருபத்தாறு ஆண்டுகள் இந்த வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறேன். குரல் ஒருமுறைகூட நடுங்கவில்லை.

ஷீலாவுக்குப் பதினான்கு வயதில், பள்ளிக் கட்டுரையில் அரைப் பக்கம் ஒரு புத்தகத்திலிருந்து அப்படியே எழுதியிருந்தாள். எட்டுப் பக்கத்தையும் கிழித்துப்போட்டு மறுபடி எழுதவைத்தேன். சாப்பிடக் கூப்பிட்ட அவள் அம்மாவையும் தடுத்தேன். அதற்குப் பிறகு எழுதிய எதையும் அவள் என்னிடம் காட்டியதில்லை. தமிழில் பேசுவதும் அந்த வருடத்தோடு குறைந்தது. இங்கே வளர்கிற பிள்ளைகள் எல்லாமே அப்படித்தான் என்று நண்பர்களிடம் குறைப்பட்டுக்கொண்டேன்.

பெனிட்டாவின் கேள்வி வந்த பத்தாவது நாள் ஷீலாவுக்குத் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஆங்கிலத்தில் கேட்டாள்.

"எட்டுப் பக்கம். உங்களுக்கு நினைவிருக்கிறதா?"

"இருக்கு."

"அப்போது அந்தக் கடிதம் எங்கே இருந்தது?"

"சமையலறை இழுப்பறையில."

"நான் எழுதிக்கொண்டிருந்த மேசைக்குப் பக்கத்தில்." பிறகு தமிழில், "சரி அப்பா. வேலை இருக்கு" என்று வைத்துவிட்டாள்.

5

பதினோராம் நாள் பெனிட்டாவுக்கு எழுதினேன். பட்டியல் என்னுடையதல்ல, நூலகர் சுகிர்தம் அவர்களுடையது, அவருக்குச் சொன்னது உன் ஊர்ப் பெரியவர் என்று எழுதினேன். ஹெலனுக்கும் எழுதினேன். அவள் திருத்தப் படிவம் ஒன்றை அனுப்பினாள். திருத்தத்துக்கான காரணம் என்ற இடத்தில் நான்கு வகைதான்: எழுத்துப்பிழை, பதிப்புரிமை, தனியுரிமை, பிற. 'பிற' என்பதைத் தேர்ந்தெடுத்தேன். விளக்கம் எழுத இரண்டு வரிக்கு மேல் இடமில்லை. அதற்குமேல் எழுதினால் எழுத்துகள் தாமாகவே நின்றுபோயின.

மூன்று நாளில் பெனிட்டா கூப்பிட்டாள்.

"ஐயா, அந்த அம்மா இருக்காங்க. நாசரேத்துல தம்பி வீட்டுல. நேத்து போய்ப் பாத்தேன்." குரலில் மரியாதை இருந்தது, நட்பு இல்லை. "அவங்களே பிழையக் கண்டுபிடிச்சிட்டாங்களாம், அப்பவே. உங்க லெட்டர் வரும் வரும்னு காத்திருந்தப்போ, நாமளே நிரூபிச்சிருவோம்னு வள்ளத்துல ஏறிப் போயிருக்காங்க. பொம்பளைய ஏத்த மாட்டோம்னு எல்லாரும் சொல்ல, அந்தப் பெரியவருதான் ஏத்தினாராம். வாந்தி எடுத்துட்டே முப்பத்தொண்ணையும் பாத்திருக்காங்க. அவரு கடல்ல நின்னு கரையப் பாத்து எடக்கைன்னு சொன்னது தெக்கு. இவங்க கரையில நின்னு கடலப் பாத்த கணக்குல வடக்குன்னு எழுதிட்டாங்க. எல்லாத்தையும் திருத்தி, குழுவுல குடுத்தாங்களாம்."

"குடுத்தாங்களா? அப்புறம்?"

"அச்சுல வந்ததுக்கு மாறா இருக்கு, காப்பியடிச்சிட்டுத் தெரியாம இருக்க மாத்தியிருக்காங்கன்னு சொல்லிட்டாங்களாம். ரேகை வச்ச நோட்டக் காட்டியிருக்காங்க. நோட்டு யாரும் எப்ப வேணாலும் எழுதலாம், அச்சு பொய் சொல்லுமான்னு கேட்டாங்களாம்."

அக்காவின் சரியான பட்டியலைத் தள்ளுபடி செய்தது என்னுடைய தவறான பட்டியல். பதவி உயர்வு போயிற்று. அவரை நூலகத்திலிருந்து எடுத்து, தேர்வுத்தாள் கட்டு வைக்கும் அறைக்குப் போட்டிருக்கிறார்கள். ஓய்வு பெறும்வரை அங்கேயே. இதில் ஒன்றுமே எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளாமல் இருப்பதற்கு நான் எவ்வளவு பாடுபட்டேன் என்பது மட்டும் தெரியும். நான்கு முறை ஊருக்கு வந்தபோதும் நாசரேத் வழியாகப் போகாமல் சுற்றிக்கொண்டுதான் சாத்தான்குளம் போனேன்.

பெனிட்டா எண் கொடுத்தாள். மறுநாள் காலை கூப்பிட்டேன்.

"யாரு?"

"அக்கா, நான் தங்கராஜ். விலங்கியல் தங்கராஜ்."

அந்தப் பக்கம் குக்கர் விசில் ஒன்று முழுதாக அடித்து ஓய்ந்தது.

"சொல்லுங்க சார்."

தம்பி போய்விட்டது. எழுதி வைத்திருந்த வார்த்தைகளும் போய்விட்டன. முப்பத்தெட்டு வருடம் இந்த நாட்டில், காலை மிதித்தாலும் கதவைத் திறந்துவிட்டாலும் சொல்லிச் சொல்லித் தேய்ந்த ஒரு வார்த்தைதான் வாயில் வந்தது.

"ஐ ஆம் சாரி அக்கா."

"இங்கிலீசுலயா? நான் நாசரேத்துலதான இருக்கேன், லண்டன்லயா இருக்கேன்?"

"மன்னிச்சிருங்கக்கா."

"அது கெடக்கட்டும். உங்க புஸ்தகத்துல இன்னும் வடக்குன்னுதான் இருக்காமே, அந்தப் பிள்ளை சொல்லுது. இத்தன வருசத்துல ஒருத்தர்கூடவா கேக்கல?"

"இப்பதான்க்கா முதல்ல கேட்டிருக்காங்க."

"அப்ப ஒருத்தரும் படிக்கல." சிரித்தார். பெரியவர் வீட்டு முற்றத்தில் கேட்ட அதே சிரிப்பு இல்லை. "ஒருத்தரும் படிக்காத புஸ்தகத்துக்குத்தான் இம்புட்டும்."

அக்காவே தொடர்ந்தார்.

"நோட்டு காலேஜ்லதான் கெடக்கு சார். நாலாவது நோட்டு. கடைசிப் பக்கம் பாத்தியளா?"

பெனிட்டா படம் எடுத்து அனுப்பியிருந்தாள். பார்த்திருந்தேன். அக்காவின் சாய்வில்லாத கையெழுத்து. கேள்வி: முத்துப்பார்ப் பட்டியல் யாருடையது? கேட்டவர்: முதல்வர். யாரிடம் விசாரித்தது: தங்கராஜ் சார், இங்கிலாந்து. பதில் என்ற கட்டம் காலி. கையெழுத்துக் கட்டமும் காலி. அதற்குக் கீழே வேறு கேள்வி எதுவும் இல்லை. அதோடு அவரை அங்கிருந்து எடுத்துவிட்டார்கள்.

"பாத்தேன்க்கா. பதில பெனிட்டாவுக்கு எழுதி அனுப்பிட்டேன். அந்தக் கட்டத்துல அத ஒட்டச் சொல்லட்டுமா?"

"ஒட்டுறதா? பதில் சொன்னவரு வந்து கையெழுத்துப் போடணும், அதான் நோட்டு முறை. சங்கு குளிக்கப் போற மனுசன், நேரமில்லாத மனுசன், முப்பத்தொரு தடவ பெருவிரல வச்சிட்டுத்தான் போனாரு. உங்களுக்குத் தனி முறையா?"

"இதயத்துல ரெண்டு ஸ்டென்ட் வச்சிருக்கு. ரொம்ப தூரம் பறக்கக் கூடாதுன்னு டாக்டர்…"

"அப்ப வேண்டாம். கட்டம் காலியாவே இருக்கட்டும். இம்புட்டு நாள் இருந்துட்டு, இனி என்ன கெட்டுப்போகும்."

வைத்துவிட்டார். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மன்னிக்கவில்லை என்றும் சொல்லவில்லை. நான் கேட்டதை அவர் ஒரு கேள்வியாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

6

டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. கவனமாகப் போகலாம் என்றுதான் சொன்னார். அக்காவிடம் கடைசியாகப் பேசிய வாக்கியமும் பொய்யாகவே போயிற்று. எழுபத்திரண்டு வயதில் ஒருவனுக்குத் தன் நாக்கு எப்படிப்பட்டது என்று தெரிவதில் என்ன லாபம் என்று தெரியவில்லை.

நான் இப்போது இந்த நாட்டுக் குடிமகன். தூத்துக்குடிக்கு வர விசா வேண்டும். விண்ணப்பம் பாதி நிரப்பியபடி கணினியில் இருக்கிறது. ஒவ்வொரு நாளும் திறந்து பார்த்துவிட்டு மூடுகிறேன். அந்தக் கடிதத்தையும் இப்படித்தான் பார்த்தேன். என்னை எனக்குத் தெரியும்; விட்டால் இதுவும் இழுப்பறைக்குப் போய்விடும். ஊரில் நாலு பேர் படித்துவிட்டால், "என்ன அண்ணாச்சி, போய்க் கையெழுத்துப் போட்டாச்சா?" என்று யாராவது கேட்பார்கள். அதற்காகத்தான் இதை அச்சுக்கு அனுப்புகிறேன். அச்சு பொய் சொல்லாது என்று நம்பிய ஊருக்கு, ஒரு முறையாவது உண்மையை அச்சில் அனுப்பவேண்டும்.

என் ஆய்வேட்டை யாராவது வைத்திருந்தால், பின்னிணைப்பில் வடக்கு என்று இருக்கும் இடமெல்லாம் தெற்கு என்றும், தெற்கு என்று இருக்கும் இடமெல்லாம் வடக்கு என்றும் திருத்திக்கொள்ளுங்கள். மேலே இருக்கும் பெயரை அடித்துவிடுங்கள்.

கேள்வி: முத்துப்பார்ப் பட்டியல் யாருடையது?

கேட்டவர்: முதல்வர். இப்போது இல்லை.

பதில்: சொன்னவர் கீழவைப்பார்ப் பெரியவர். கேட்டு எழுதியவரும் கடலுக்குப் போய்த் திருத்தியவரும் நூலகர் சுகிர்தம். நான் திருடினேன்.

கையெழுத்து: இங்கே போட்டால் செல்லாது.